இரண்டாவது ஓனர்

பின்கதவின் அடிவிளிம்பில் முதலில் ஒரு கொப்புளம்.
நகத்தால் தட்டினேன். உதிர்ந்தது.
உள்ளே ஊறவைத்த தேங்காய்நார் நிறம்.
"உப்புக் காத்து. தேவனாம்பட்டினத்துல நிறுத்துனா
வண்டிக்கு வயசு ரெட்டையா ஏறும்" என்றார் ஹபீபுல்லா.
அந்தக் கணக்கில் இதற்கு இருபத்தாறு.
கல்யாணம் பேசலாம்.

பிறகு வரிசையில் நிற்காமல் வந்தன மற்றவை.
ஓடினால் குளிரும் ஏ.சி., நின்றால் அனல் ஊதும்.
கெடிலம் பாலம் ஏறும்போது
செகண்ட் கியரில் ஒரு நடுக்கம்,
கடன் கேட்க வந்தவன் தொண்டையைப்போல.
இடது பின் கண்ணாடி இறங்கும், ஏறாது;
கையால் தூக்கிப் பார்சல் டேப் ஒட்டியிருக்கிறேன்.
மஞ்சளாய் ஓர் எஞ்சின் படம் எந்நேரமும் எரிகிறது.
"சென்சார் பொய் சொல்லுது மேடம்."
எப்படித் தெரியும்?
"வண்டி ஓடுதே."

இதைச் செய்த கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலு வருஷம்.
ஒரு வால்வுக்குப் பதினெட்டு நாள் காத்திருந்தேன்.
டெல்லியில் எங்கோ மோதிச் செத்த வண்டியின் வயிற்றிலிருந்து
இந்திச் செய்தித்தாளில் சுற்றி வந்தது.
சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான்:
லிட்டருக்கு எவ்வளவு கொடுக்குது?
தம்பி கேட்பது வேறு: எப்ப விக்கப்போற?

எனக்கு இருந்தது ஒரே கேள்வி.
டைமிங் பெல்ட்டை மாற்றினார்களா?
அறுந்தால் எஞ்சினே போய்விடும்,
அறுவதற்கு முன் சத்தமே போடாதாம்.
சர்வீஸ் புத்தகத்தில் அறுபதாயிரம் வரை சீல்,
அதற்குப் பின் வெள்ளைத் தாள்,
ஒரு பக்கத்தில் மட்டும் காபிக் கறை.
விற்றவர் குருசுக்குப்பத்து அந்துவான் பிரகாசம்.
ஆளைப் பார்த்ததில்லை, கையெழுத்தைத்தான் பார்த்தேன்.
போன தை மாதம் சாவியைக் கொடுத்த மருமகன்
"அவர் பிரான்சுக்குப் போயாச்சு" என்றான்.
எந்தப் பொருளில் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் தினமும் காலையில் சாவி திருகியதும்
திரை விழித்து அவரைத் தேடும்:
அந்துவான் ஃபோன்... அந்துவான் ஃபோன்...
அழிப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறதாம்.
தேடி முடிக்கட்டும் என்று பிரேக்கில் கால் வைத்திருப்பேன்.
பதினொரு நொடி.

போன வியாழன் புதுச்சேரியில்
கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறேன்.
வாய்க்குள் பஞ்சு, பாதி முகம் என்னுடையதில்லை.
மரப்பாலம் சிக்னல். சிவப்பு. எண்பத்தேழு.
ஏ.சி. அனலை ஆரம்பித்தது.
அப்போது திரையில்:
இணைந்தது.

அவ்வளவுதான். ஒரு சின்ன நீலக் குறி.
வலப்பக்கம் மூன்று ஹெல்மெட், ஒரு காலேஜ் பஸ்,
இடப்பக்கம் முட்டை ஏற்றிய ஆட்டோ,
அதற்கப்பால் குடை பிடித்த ஒருவர்
இளநீர்க்காரரிடம் சில்லறைக்குக் கை நீட்டியபடி.
இவரா?
அவசரத்தில் அமுக்கியது பின் கண்ணாடிப் பொத்தானை.
டேப் கிழிந்து இறங்கியது கண்ணாடி.
மூன்றே சொல்: பெல்ட் மாத்துனீங்களா, சார்?
மரத்த வாயிலிருந்து வந்தது ஓர் ஊளை.
முட்டைக்காரர்தான் திரும்பிப் பார்த்தார்.
பதினாறு. ஒன்பது. பச்சை.
பின்னால் பாண்டிச்சேரி முழுக்க ஹாரன் அடித்தது.
முருங்கப்பாக்கம் வருமுன் நீலம் அணைந்திருந்தது.

மறுநாள், "பார்க்காமலே மாத்திடுங்க" என்று விட்டுவந்தேன்.
ஹபீபுல்லா பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.
பெல்ட்டின் முதுகில் அச்செழுத்து இன்னும் தேயவில்லை,
பல் ஒன்றுகூட வெடிக்கவில்லை.
"விக்கறதுக்கு முன்னாடி புதுசு போட்டிருக்காங்க.
வித்துட்டுப் போறவன் எவன் செய்வான் இத?
எழுதிக்கூட வைக்கல பாருங்க."
மூடியைத் திரும்ப மாட்டினார். லேபர் முந்நூறு.

இன்றைக்கு விடியலிலிருந்து தூறல்.
சாவி திருகி உட்கார்ந்திருக்கிறேன், தேடுகிறது.
பின் சீட்டில் வாளி வைத்திருக்கிறேன்.
கண்ணாடி மோட்டார் நாக்பூர் வரை வந்துவிட்டதாம்.